கொலுவில் வைத்துக் கொடுத்தது

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இந்தக் கட்டிலில் உட்காருங்கள்.

நீங்கள் எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். நான் பாட்டிலைப் பற்றிப் பேசப் போகிறேன். முறையில்லைதான். ஆனால் பாட்டிலைச் சொல்லாமல் வேனைச் சொன்னால் அது பாதிப் பேச்சாகத்தான் இருக்கும். எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. எனக்கு வாய்த்த வாய் அப்படி. நல்லது சொல்லத்தான் ஆரம்பிப்பேன். முடிக்கும்போது கேட்டவர்கள் எங்கள் வீட்டுக்காரரைத் தப்பாக நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். இதே குடியிருப்பில் இருக்கிற கோமளா டீச்சர் அப்படித்தான் போனார்கள். நீங்களும் அப்படிப் போய்விடக் கூடாது. நடுவில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுங்கள்.

உங்களிடம் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கமாட்டேன். ராசாத்தி அக்காவாகத்தான் இருக்கும். எதிர்வீடு. இருக்கட்டும்.

நீங்கள் உள்ளே வந்ததுமே சுவரைப் பார்த்தீர்கள், நான் கவனித்தேன். எல்லாம் நானே செய்ததுதான். அந்தக் கண்ணாடியைச் சுற்றி இருக்கிற சூரியன், ஐஸ் குச்சி. மருந்து மாத்திரை போட்டுவைக்க அந்த அடுக்கு, செருப்பு வாங்கின அட்டைப் பெட்டி. மேலே பழைய ஜாக்கெட் துணி ஒட்டியிருக்கிறேன், அதனால் தெரியவில்லை. கால்மிதி என் கல்யாணச் சேலைக்கு அடுத்த சேலை. அந்த நீலத்தில் தொங்குகிறதே, பை பையாக, அது எங்கள் வீட்டுக்காரரின் பழைய ஜீன்ஸ் பேண்ட். பிள்ளைகள் வேனில் என்னென்னவோ விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் பாட்டில் மூடி, டிபன் கரண்டி, ஒற்றைச் சாக்ஸ், கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டை. இவர் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார். யாருடையது என்று தேடியே எனக்குப் பாதி நாள் போகும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை தைத்துப் பெயர் எழுதி மாட்டிவிட்டேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துவிட்டு கோமளா டீச்சர்தான் சொன்னார்கள், "வடிவு, நீ மட்டும் படிச்சிருந்தா எங்கேயோ போயிருப்ப" என்று. டீச்சர் வாயால். நான் ஏழாவதோடு நின்றவள் அம்மா. அதற்குப் பிறகு தீப்பெட்டி ஒட்டினேன். இந்தப் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தீப்பெட்டி ஒட்டின கை சும்மா இருக்காது. ஒரு காகிதம் கிடைத்தால் மடிக்கும், ஒரு பசை கிடைத்தால் தடவும்.

பையன் வேலைக்கு ஓசூர் போனபிறகு எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். அதில்தான் பார்த்தேன். வீட்டில் கிடக்கிற பழைய சாமானை வைத்து அழகுப் பொருள் செய்வது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொடுப்பாள். இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவாள். எனக்கு இரண்டு நாள் ஆகும், அது வேறு. அவள் ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்துச் சணல் கயிறு சுற்றி, லேஸ் ஒட்டி, முத்து ஒட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைத்தாள். அவ்வளவு அழகு. இவரிடம் காட்டி, "ஏதாவது கண்ணாடிப் பாட்டில் கிடைச்சாக் கொண்டு வாங்களேன்" என்று கேட்டேன்.

இவர் கேட்டுச் செய்கிற ஆள் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை வாங்கிவரச் சொன்னால் கறிவேப்பிலையைத் தவிர எல்லாம் வரும். ஆனால் மறுநாளே ஒரு பாட்டில் கொண்டுவந்தார். தட்டையாக, உள்ளங்கைக்கு அடக்கமாக. லேபிளைச் சுரண்டி, கழுவி, கவிழ்த்துத் தண்ணீர் வடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கேட்காமலே.

"இது என்ன பாட்டிலுங்க?"

"மருந்துப் பாட்டில். வேன் ஸ்டாண்டுல கெடந்துச்சு."

"ஒரு மாதிரி வாடை அடிக்கே."

"மருந்துன்னா மணக்கவா செய்யும்? வேணும்னா வச்சுக்க, இல்லைன்னா தூக்கிப் போடு."

தூக்கிப் போடுவேனா? வெந்நீரும் எலுமிச்சம்பழத்தோலும் போட்டுக் கழுவினேன். வாடை போய்விட்டது. கயிறு சுற்றி, மயில் ஒன்று வரைந்து டிவிமேல் வைத்தேன். இவர் பார்த்தார். சிரித்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒன்றைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நாளும் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாளும். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சில பெண்களுக்குப் பூ வாங்கி வருவார்கள். எனக்குப் பாட்டில் வந்தது.

உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை அம்மா. சத்தியமாகத் தெரியவில்லை. எங்கள் அப்பா குடித்தது பாக்கெட் சாராயம். பல்லால் கடித்து நுனியைத் துப்பிவிட்டு அப்படியே வாயில் விட்டுக்கொள்வார். வீட்டுக்குப் பாட்டிலே வந்ததில்லை. அதனால் பாட்டிலைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்? குடிகாரன் எப்படி இருப்பான் என்பது வேண்டுமானால் எனக்குத் தெரியும். தெருமுனையில் வரும்போதே சத்தம் கேட்கும். சோற்றுத்தட்டு பறக்கும். அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடுவாள். இவர் அப்படியா? வருவார், காலைக் கழுவுவார், வைத்ததைச் சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவ்வளவு நல்ல மனுஷன்.

சரி, கொலுவுக்கு வருகிறேன்.

இந்தக் குடியிருப்பில் வருஷா வருஷம் நாலைந்து வீட்டில் கொலு வைப்பார்கள். கோமளா டீச்சர் வீட்டுக் கொலுதான் பெரிசு. எல்லா வீட்டுக்கும் நான் போவேன். சுண்டல் தருவார்கள், வெற்றிலை பாக்கோடு ஒரு ஜாக்கெட் பிட்டோ பிளாஸ்டிக் டப்பாவோ வைத்துத் தருவார்கள். வாங்கிக்கொண்டு வருவேன். வாங்கிக்கொண்டே வந்தேன், திருப்பி ஒன்றும் கொடுத்ததில்லை. வேன்காரர் பெண்டாட்டி கொடுப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்குக் குத்திக்கொண்டே இருந்தது. போன வருஷம் டீச்சர் வீட்டில் எல்லாருக்கும் கொடுத்து முடித்து, கடைசியில் எனக்கு வேறு ஒரு டப்பா கொடுத்தார்கள். எல்லாருக்கும் கொடுத்த மாதிரி இல்லை, கொஞ்சம் சின்னது. தீர்ந்துபோயிருக்கும். தெரிந்து செய்திருக்கமாட்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்து அந்த டப்பாவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் நாம் வைப்போம் என்று முடிவு செய்தேன். பொம்மை வாங்க வசதி இல்லை. தீப்பெட்டியிலும் அட்டையிலும் நானே செய்தேன். கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, பள்ளிக்கூட வேன் ஒன்றுகூடச் செய்தேன், மஞ்சள் வண்ணம் அடித்து, ஜன்னல் ஓரம் பிள்ளைகள் தலையெல்லாம் வைத்து. வைத்துக் கொடுப்பதற்கு அந்தப் பாட்டில்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் தாமரை, ஒன்றில் யானை, ஒன்றில் கோலம். கழுத்தில் சிவப்புப் பட்டு நூல் கட்டி, உள்ளே மணி பிளாண்ட் கொடி. செடி வேண்டாம் என்பவர்கள் தீர்த்தம் ஊற்றிவைத்துக்கொள்ளலாம் என்று மூடிக்கும் துணி வைத்துத் தைத்திருந்தேன்.

எல்லாரும் வந்தார்கள் அம்மா. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, இந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ராசாத்தி அக்கா பாட்டுக்கூடப் பாடியது. வெற்றிலை பாக்கோடு பாட்டிலை வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொருத்தரும் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள்.

"ஏ வடிவு, இதெல்லாம் நீ செஞ்சதா? கடையில வாங்கினதுன்னுல்ல நெனச்சேன்!"

"எனக்கு யானை போட்டது வேணும், மாத்திக் குடு மதினி."

"நான் பூஜை ரூம்லதான் வைக்கப் போறேன். குத்தாலத் தீர்த்தம் சொம்புல கெடக்கு, இதுல ஊத்திருவேன்." இது ராசாத்தி அக்கா.

கோமளா டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்கள். "எல்லாம் ஒரே அளவா இருக்கே வடிவு, இத்தனை பாட்டில் எங்க பிடிச்ச?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பழைய பேப்பர்காரர்கிட்ட" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் நடுவில் டீச்சர் கேட்கிறார்கள். எனக்குப் பெருமையாக வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரங்கதான் டீச்சர். எனக்காகத் தேடித் தேடிக் கொண்டு வாராங்க. தெனம் ராத்திரி ஒண்ணு. மழை பெஞ்சாலும் தவறாது. ஞாயித்துக்கெழமைன்னா ரெண்டு."

மாடி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. இன்னும் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "குடுத்து வச்சவ நீ" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல வெட்கம். அப்படி ஒரு வெட்கம் என் கல்யாணத்தில்கூட எனக்கு வந்ததில்லை.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அந்த அட்டை வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவ்வளவு பிடித்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். ராசாத்தி அக்கா வீட்டுக்காரர் மாடசாமி அண்ணாச்சி, லுங்கியோடு, சட்டை இல்லாமல், கையில் நான் கொடுத்த பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி வருகிறார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், பால் வாங்க வந்தவர்கள், எல்லாரும் இருக்கிறார்கள்.

"ஏ தங்கச்சி! இந்தச் சாமியோட பேரு என்ன தங்கச்சி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அண்ணாச்சி?"

"எம் பொண்டாட்டி காலையில குளிச்சு முழுகி, குவார்ட்டர் பாட்டிலுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டிக்கிட்டு இருக்கா! இருபது வருசமா நான் மோட்டார் ரூம்ல ஒளிச்சு ஒளிச்சு வச்சுக் குடிச்சேனே, சாமி பக்கத்துலேயே வச்சிருக்கலாம்னு ஒரு பய சொல்லலையே!"

குடத்தை வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அத்தனை ஆண்களுக்கும் அந்தப் பாட்டிலைப் பார்த்தவுடன் தெரிகிறது. சணல் சுற்றியிருக்கிறது, தாமரை வரைந்திருக்கிறது, லேஸ் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் தெரிகிறது. ஒருத்தர்கூட "அப்படியா, எந்தப் பாட்டில்?" என்று கேட்கவில்லை.

ராசாத்தி அக்கா பின்னாலேயே ஓடிவந்தது. "உள்ள வாங்க! மானம் போகுது, வாங்க உள்ள!" என்று இழுக்கிறது.

"எம் மானமா போகுது? நீ சூடம் காட்டினதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தங்கச்சி, அடுத்த வருசம் கூடவே கொஞ்சம் நெலக்கடலையும் வச்சுக் குடுத்துரு, நெறைவா இருக்கும்!"

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என் கை இரண்டும் அழுக்கானது போல இருந்தது. சுமங்கலிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மஞ்சள் குங்குமம் கொடுத்து, கூடவே இதைக் கொடுத்திருக்கிறேன். சாமி முன்னால் வைத்துக் கொடுத்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் ஒரு பெண்ணுக்கு வருமா? நீங்களே சொல்லுங்கள். அடிக்கலாம், திட்டலாம், அதெல்லாம் ஆறிவிடும். தெருவே நின்று சிரித்தது ஆறுமா?

சாயங்காலம் விளக்கேற்றக் கதவைத் திறந்தேன். வாசல்படியில் பாட்டில்கள் இருந்தன. யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செடியோடு, சிவப்பு நூலோடு, வரிசையாக, கொலுப்படி மாதிரி. முந்தானைக்குள் மறைத்து மறைத்து உள்ளே கொண்டுவந்தேன். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற கட்டிலுக்கு அடியில்தான் சாக்கில் கிடக்கின்றன. குப்பையில் போடலாமென்றால் குப்பைக்காரப் பெண் கொட்டிப் பார்த்துப் பிரிப்பாள். பழைய இரும்புக்காரனுக்குப் போடலாமென்றால் அவன் தெருவிலேயே கடைபரப்பி எண்ணுவான். எங்கே போடுவது?

இவர் வந்தார். சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு அப்படியே பொரிந்து தள்ளிவிட்டார்.

"ஏட்டி, ஒனக்குக் கொண்டாந்து குடுத்தா நீ வச்சு அழகு பாக்கணும். ஊருக்கெல்லாம் தாம்பூலம் வைக்கவா கொண்டாந்தேன்?"

"எனக்கு என்னங்க தெரியும்? மருந்துன்னுதான சொன்னீங்க."

"சொன்னா, அத்தோட விடணும். யாரு கேட்டாலும் வேன் ஸ்டாண்டுல கெடந்துச்சுன்னு சொல்லு. அங்க வாரவன் போறவன் எல்லாம் குடிச்சுட்டுப் போடுதான், அதை எடுத்தாந்தேன். புரிஞ்சுதா?"

புரிந்தது. அதுதானே உண்மை. கிடந்ததை எடுத்துவந்தார். யாரோ குடித்துப் போட்டதற்கு இவர் என்ன செய்வார்? நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும். அன்றைக்கு இவர் சாப்பிடவும் இல்லை. பாவம்.

இரண்டு நாள் கழித்து கோமளா டீச்சர் வந்தார்கள். கையில் பாட்டில் இல்லை. அவர்கள் மட்டும்தான் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. பூஜைக்கு ஆகாததை உங்களுக்குக் குடுத்துட்டேன்."

"அது கெடக்கட்டும் வடிவு. கண்ணாடிதானே, கழுவினா சுத்தம்." டம்ளரைக் கையில் திருப்பினார்கள். "அன்னிக்கு நீ ஒண்ணு சொன்ன. தினம் ராத்திரி ஒண்ணுன்னு."

"ஆமா டீச்சர். ஸ்டாண்டுல கெடக்கிறதை எடுத்துட்டு வருவாங்க."

"ஞாயித்துக்கிழமை ரெண்டுன்னு சொன்ன."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டுல வேனே கிடையாதேம்மா. ஸ்கூல் லீவு."

 லீவு நாளில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அதிகம் குடித்துப் போடுவார்கள், அதனால் இரண்டு கிடைக்கும் என்று சொன்னேன். சரியாகத்தானே சொன்னேன்? டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பார்களே, கோபமாக இல்லை, அப்படி.

"காலையில வண்டி எத்தனை மணிக்கு எடுக்கிறார்?"

"ஏழேகால் டீச்சர். டாண்ணு எடுத்துருவாங்க."

"எந்திரிக்கும்போது எப்படி இருப்பார்?"

"நான்தான் எழுப்பணும். அசந்து தூங்குவாங்க. ரெண்டு தடவை மூணு தடவை எழுப்பணும். எழுந்ததும் தலை கனக்குதும்பாங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொன்னா கேக்க மாட்டாங்க."

உள்ளதைச் சொன்னேன். மனுஷன் எவ்வளவு உழைக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"ஆதவனை நாளையிலேருந்து நானே ஸ்கூல்ல விட்டுடுறேன் வடிவு. நடந்தா எனக்கும் நல்லதுன்னு டாக்டர் சொல்றார்."

ஆதவன் அவர்கள் பேரன். இரண்டாவது படிக்கிறான். நான் வாசல்வரை போய், "டீச்சர், பாட்டில் விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணாதீங்க" என்றேன். "பாட்டிலுக்கு இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு எதற்கு? தீட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டேன் என்கிற கோபம்தான். பெரிய மனுஷி, நேரில் சொல்லவில்லை.

டீச்சரே நிறுத்திவிட்டார்கள் என்றதும் ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். ஒருத்தருக்குத் தாத்தா வந்திருக்கிறார், ஒருத்தர் ஸ்கூட்டி வாங்கிவிட்டார். வேன் பாதி காலி. எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. மத்தியானம் எல்லாரும் தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போவேன். கடைக்காரர் பழைய காகிதத்தில் சீனி மடித்துக் கொடுத்தால்கூட, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரோ என்று இருக்கும். பசை டப்பாவை மூடிவைத்தேன். இவரும் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். இனி வேண்டாம் என்று நான் சொன்னதும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார். சொன்னால் கேட்கிற மனுஷன் என்று இதைத்தான் எல்லாரிடமும் சொல்ல நினைப்பேன். கேட்க யாராவது வந்தால்தானே.

இப்போது வேனுக்கு வருகிறேன். இதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. நீங்கள் பிள்ளையைப் பெற்றவர்கள். சொல்லிவிடுகிறேன்.

தர்ஷினி என்று ஒரு பிள்ளை. மூன்றாவது படிக்கிறது. அதன் அம்மா துணிக்கடையில் வேலை. வேறு வழியில்லாததால் வேனை நிறுத்தவில்லை. ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போக வந்தது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முறுக்கு ஒன்று கொடுத்தேன். தின்றுகொண்டே சொல்கிறது:

"ஆன்ட்டி, இன்னிக்கு நாங்க எல்லாரும் சத்தமாப் பாட்டுப் பாடுனோம்."

"அப்படியா கண்ணு? என்ன பாட்டு?"

"தெரிஞ்ச பாட்டு எல்லாம். பாடலைன்னா மாமா தூங்கிடுவாங்க. முந்தி ஒருநாள் ரயில்வே கேட்டுக்கிட்ட தூங்கிட்டாங்க. வண்டி அதுவா போச்சு. நான்தான் பின்னாலேருந்து சட்டையைப் புடிச்சு இழுத்தேன். அதுலேருந்து தெனமும் பாடுறோம்."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல. மாமா மிட்டாய் வாங்கித் தந்தாங்க."

முறுக்கைத் தின்று முடித்துவிட்டு ஓடிப்போய்விட்டது. நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். பேண்ட் துணியில் நான் எழுதின பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பாதிப் பை காலி. காலியாக இருக்கிற பைகளைப் பார்த்து எனக்கு அதுவரைக்கும் அழுகையாக வரும். அன்றைக்கு அப்படி வரவில்லை. மிச்சம் இருக்கிற பைகளைப் பார்க்கத்தான் முடியவில்லை.

நான் இவரிடம் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? உழைத்துக் களைத்த மனுஷன், கண் அசந்திருக்கும். காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் ஊர் வாயை மூடவேண்டுமே. ஊருக்காகத்தான் ஒன்று செய்தேன்.

கரிக்கட்டை போலக் கிடந்த ஒரு பழைய சப்பாத்திப் பலகையைத் தேய்த்து, வண்ணம் அடித்து, கொக்கி வைத்து, சமையல்கட்டு நிலைக்குப் பக்கத்தில் மாட்டினேன். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பூட்டுச் சாவி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கொக்கி. நடுவில் பெரிய கொக்கி வேன் சாவிக்கு. "இங்கயும் அங்கயும் போட்டுட்டுக் காலையில தேடுதீங்களே, வந்ததும் இதுல மாட்டிருங்க" என்றேன். நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார். மாட்டுகிறார். தவறாமல் மாட்டுகிறார்.

காலையில் எழுந்ததும் காபிக்குச் சமையல்கட்டுக்கு வருவார், குளித்துவிட்டுச் சாவி எடுக்கவும் அங்கேதான் வரவேண்டும். நான் காபியைக் கையில்தான் கொடுப்பேன், மேஜையில் வைப்பதில்லை. பக்கத்தில் நின்று ஏதாவது கேட்பேன். பால்காரருக்குச் சொல்லியாச்சா, பையன் போன் பண்ணினானா, இப்படி. அவர் பதில் சொல்லவேண்டும் அல்லவா? சொல்லும்போது நான் அவர் முகத்துக்கு நேராக நிற்பேன். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. ஏலக்காய் மென்றுகொண்டு வருவார். ஏலக்காய் வாசனை லேசாக இருந்தால், அவர் குளித்துவிட்டு வந்ததும் நானே சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஏலக்காய் வாசனை ரொம்பத் தூக்கலாக இருந்தால் எனக்கு ஏனோ மனசு கேட்காது. அந்த மாதிரி நாளில், அவர் குளிக்கப் போகும்போது கொக்கியிலிருந்து சாவியை எடுத்து அரிசி டிரம்மில் கைமுட்டு ஆழத்துக்குப் புதைத்துவிடுவேன். மேலே அரிசியைச் சமமாகத் தடவிவிடுவேன். உடனே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவேன். பேட்டரி இறங்கிவிட்டது, இன்றைக்கு ஒருநாள் சமாளித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

உங்கள் பையனைத் தாராளமாக அனுப்புங்கள் அம்மா. நான் அனுப்பவேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். உங்கள் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள். காலையில் ஏழு மணிக்கு நான் போன் பண்ணி பேட்டரி டவுன் என்று சொன்னால், ஏன் என்று கேட்காதீர்கள், சரிசெய்தாயிற்றா என்றும் கேட்காதீர்கள். ஆட்டோவுக்குச் சொல்லிவிடுங்கள். மழைக்காலம் பாருங்கள், இந்த மாதம் கொஞ்சம் அடிக்கடி இறங்குகிறது.

அவரா? குளித்துவிட்டு வந்து பலகையைப் பார்ப்பார். காலிக் கொக்கியைப் பார்ப்பார். அரிசி களைந்துகொண்டிருக்கிற என்னைப் பார்ப்பார். சாவி எங்கே என்று அவர் இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போய்ப் படுத்துக்கொள்வார்.